இதோ வரேன், அம்மீ!

லக்னோ,
8 மே 1966

அன்புள்ள பாயீஜானுக்கு,

தங்கை நாஹிதின் ஆதாப். நீங்களும் என் அண்ணி பாபியும் சுகம்தானே? உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? பரேலித் தூசியில் பார்சல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தால் எப்படிக் குறையும்? இங்கே என் மாமியார் அம்மீஜானுக்கு முழங்கால் வலி, மற்றபடி எல்லோரும் நலம். உங்கள் மைத்துனர் அக்தர் கான்பூரிலிருந்து மாதம் இரண்டு முறை வருகிறார், தூங்குகிறார், போகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு கிளி வாங்கிவிட்டேன். சிரிக்காதீர்கள். கூடைக்காரனிடம் கழுத்தில் இன்னும் வளையம் விழாத குஞ்சாகப் பார்த்துத்தான் எடுத்தேன். உங்களுக்குத் தங்கையாகப் பிறந்து இதுகூடத் தெரியாதா? பெயர் பன்னா. மாடியில் என் அறை ஜன்னலோரம் தொங்குகிறது.

அம்மீஜான் கீழே முற்றத்துக் கட்டிலை விட்டு நகர்வதே இல்லை. கால் மாடி ஏறாது, குரல் ஏறும். மதியச் சாப்பாடு முடிந்து நான் மேலே போனதிலிருந்து மாலை அஸர் தொழுகை வரைக்கும் "துல்ஹன்! ஏ துல்ஹன்!" என்று கூப்பாடுதான். (நரை விழுந்தாலும் மருமகள் இங்கே மணப்பெண்தான்.) கூப்பிட்டதற்குக் காரணம் ஒன்றும் இருக்காது. "இதோ வரேன், அம்மீ!" என்று குரல் கொடுத்தால் போதும், திரும்பிப் படுத்துவிடுவார்.

பன்னாவுக்கு இந்த ஒரு பதிலைச் சொல்லித்தர ஆசையாக இருக்கிறது. கூப்பிட்டால், என் குரலிலேயே பதில் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் அசந்துபோவார்கள். எப்படிப் பழக்குவது என்று விவரமாக எழுதுங்கள். சின்ன வயதில் நீங்கள் கிளிக்குப் பாடம் சொல்லும்போது நாங்கள் இரண்டு பேரும் மூச்சுவிடாமல் வாசற்படியில் உட்கார்ந்திருப்போமே, அது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

பாபிக்கு என் சலாம்.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்,
நாஹித்


பரேலி,
21 மே 1966

முன்னீ,

நீடூழி வாழ்க, நாஹித். இருமலுக்கு உன் பாபி ஏதோ கஷாயம் தருகிறாள். இருமலே தேவலாம் என்றிருக்கிறது. உன் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்.

கிளி வாங்கியது கேட்டு ஆபீஸில் உட்கார்ந்த இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். இப்போது கவனமாகக் கேள். கூண்டுக்கு முன்னால் ஒரு கண்ணாடியை நிறுத்து. அதற்குப் பின்னால், கிளி கண்ணில் படாமல் நீ உட்கார். கண்ணாடியில் தெரிகிற கிளிதான் பேசுகிறது என்று அது நம்ப வேண்டும். மனுஷன் சொன்னால் அலட்சியம் செய்யும், தன் இனம் சொன்னால் காது கொடுக்கும். விடியும்போதும் இருட்டும்போதும், வயிறு காலியாக இருக்கையில் பாடம் நடத்து. ஒரே குரல், ஒரே சொல். நடுவில் வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

கூப்பிட்டால் பதில் சொல்ல வைப்பது இதைவிடச் சிரமம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் கூப்பிட, இன்னொருத்தர் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னவர் கிளி பார்க்கப் பார்க்க ஒரு பழத்துண்டைத் தின்ன வேண்டும். அதற்கு வயிறு எரியும். எரிந்தால்தான் நாக்கு புரளும்.

ஆனால் முதலில் அல்லாஹ்வின் பெயர். நம் வீட்டில் எந்தக் கிளியும் வேறு சொல்லோடு வாய் திறந்ததில்லை.

இன்னொரு விஷயம். "நாங்கள் இரண்டு பேரும்" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு ஒரே தங்கை. நிக்காஹ் அன்று சாட்சிகள் திரைக்கு அந்தப் பக்கம் போய்ச் சம்மதம் கேட்டால், பெண்ணாய்ப் பிறந்தவள் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருப்பாள். அந்த மௌனத்தையே சம்மதமாக எழுதிக்கொள்வார்கள். அந்த இன்னொருத்தி "இல்லை" என்றாள். வெளியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். புலாவ் அண்டா அடுப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது, மாப்பிள்ளை என் நண்பன், நான் அத்தனை பேர் முன்னாலும் தலையைத் தொங்கப் போட்டேன். தாய் தகப்பன் இல்லாத பெண்களை வளர்த்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு. பிறகு அந்தப் பத்திரிகை ஆபீஸ் எழுத்தனைக் கட்டிக்கொண்டு உன் ஊரிலேயே இருக்கிறாளாம். இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பெயர் என் காதில் விழக் கூடாது. உன் கால் அந்தச் சந்தில் படக் கூடாது. அப்படி வாக்குக் கொடுத்த பிறகுதான் உன் மாமியார் உன்னை எடுத்தார் என்பதை மறக்காதே.

பச்சை மிளகாய் தினம் ஒன்று கொடு. குரல் தெளியும்.

உன் நலம் நாடும்,
மன்சூர் அலி


லக்னோ,
10 ஜூன் 1966

சபீஹா ஆபா,

வளையல்காரி பத்தூலனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உடம்பு எப்படி இருக்கிறது? வாந்தி நின்றதா?

குளிர்காலத்தில் பிள்ளை பிறக்கும் என்று பத்தூலன்தான் சொன்னாள். எனக்குச் சந்தோஷத்தை விடப் பயம்தான் வந்தது. போன தடவை வலி வந்தபோது உன் வீட்டுக்காரர் ராத்திரி வேலையாகப் பத்திரிகை ஆபீஸில் எழுதப் போயிருந்தார். நீ தனியாகத் தரையில் கிடந்து பிள்ளையை இழந்தாய். நாலு சந்து தள்ளி நான் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்னும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

இந்தத் தடவை என் அக்காவைத் தனியாக விட மாட்டேன். மதியத்தில் உன்னிடம் வந்து போகப்போகிறேன். புர்கா போட்டுக்கொண்டு பின்படி வழியாக இறங்கினால் சந்தில் நான் யாரோ ஒருத்தி. அம்மீஜான் மேலே ஏற மாட்டார், கூப்பிட மட்டும் செய்வார். கூப்பிட்டால் பதில் சொல்ல ஒரு கிளியைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். பழக்கும் வித்தையைப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பியவர் யார் தெரியுமா? நம் பாயீஜான்! எதற்கென்று தெரியாமல்தான்.

மாட்டிக்கொண்டால் பெட்டியோடு என்னைப் பரேலிக்கு அனுப்பிவிடுவார்கள். பரேலியிலும் கதவு திறக்காது. தெரிந்துதான் செய்கிறேன். வேண்டாம் என்று எழுதாதே.

உன்,
நாஹித்


லக்னோ,
13 ஜூன் 1966

என் அசட்டு முன்னீக்கு,

அல்லாஹ் உனக்கு முதலில் புத்தியைத் தரட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம். ஒரு கிளியை வீட்டுக் காவலுக்கு வைத்துவிட்டு வாசல் தாண்டுகிறவளை இந்த ஊர் பார்த்ததில்லை. அது உன்னை மாட்டிவிட்டுவிட்டு உட்கார்ந்து மிளகாய் தின்னும். நான் ஒருத்தி வாயைத் திறந்து பட்டது போதாதா? நீயாவது குடித்தனம் பண்ணு. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அவர் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். வராதே.

இவ்வளவும் எழுதி மடித்துவிட்டேன். மறுபடி பிரித்து எழுதுகிறேன். வா, முன்னீ. ராத்திரியில் அவர் வேலைக்குப் போனதும் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு விடிகிறவரை உட்கார்ந்திருக்கிறேன்.

பாயீஜானின் இருமல் எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல்லிவிடாதே.

சபீஹா


லக்னோ,
4 செப்டம்பர் 1966

அன்புள்ள பாயீஜானுக்கு,

ஆதாப். எல்லோரும் நலம், உங்கள் நலம் அறிய ஆவல். மழை நின்றும் சுவர் காயவில்லை.

பன்னா பேசிவிட்டான்! நீங்கள் சொன்னபடி கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குக் கால் மரத்துப்போனதுதான் மிச்சம் என்று நினைத்திருந்தேன். கூப்பிட இரண்டாவது ஆளுக்கு எங்கே போவேன் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கவலையே தேவைப்படவில்லை. கீழேயிருந்து அம்மீஜான் கூப்பிடுவார், நான் பதில் சொல்லிவிட்டுப் பன்னா எதிரில் ஒரு கொய்யாத் துண்டை மெல்லுவேன். தனக்கே தெரியாமல் அம்மீஜான் உங்களுக்குச் சிஷ்யையாகிவிட்டார். போன வெள்ளிக்கிழமை அவர் "துல்ஹன்!" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்னே பன்னா முந்திக்கொண்டு, "இதோ வரேன், அம்மீ!" என்றான். அதே இழுப்பு, அதே மூக்கடைப்பு. எனக்கே மயிர் சிலிர்த்தது. கீழேயிருந்து, "ரொம்பத்தான் சுறுசுறுப்பு, நாலு தடவை கூப்பிடாம வாய் தொறந்துட்டியே இன்னிக்கு!" என்று பாராட்டு வேறு.

அல்லாஹ்வின் பெயரை இன்னும் பிடித்துக்கொள்ளவில்லை. சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், கோபிக்காதீர்கள்.

ஒரு சந்தேகம். நான் அறையில் இருக்கும்போது சரியாகச் சொல்கிறான். நான் இல்லாதபோதும் சொல்வானா? ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆளே இல்லையென்றால் மறந்துவிடுவானா?

உங்கள்,
நாஹித்


பரேலி,
25 செப்டம்பர் 1966

நாஹிதுக்கு,

துஆ. இங்கே நலம்.

ஆள் இல்லாவிட்டால் கிளி இன்னும் அதிகமாகப் பேசும். தனிமை அதற்குப் பிடிக்காது. கூண்டைக் கீழிருந்து குரல் வரும் பக்கம் வை. பசியோடு விட்டுவிட்டுப் போகாதே, பசித்தால் சொல்லை மறந்து கத்தும்.

எழுதிவிட்டேன். எழுதிய பிறகு யோசித்தேன். கிளி வளர்ப்பவர்கள் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். விருந்தாளியை வரவேற்க வேண்டும், ஓத வேண்டும், பக்கத்து வீட்டுக்காரனைத் திட்ட வேண்டும் என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். தான் இல்லாதபோது தன்னைப் போல் பேச வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. நீ ஏன் கேட்கிறாய்?

லக்னோவிலிருந்து வந்த ஒருவர், பத்திரிகை ஆபீஸ் சந்தில் என் தங்கை மாதிரி நடக்கிற ஒரு புர்காவைப் பார்த்ததாகச் சொன்னார். புர்காவுக்குள் இருப்பது யாரென்று எந்தக் கண்ணுக்குத் தெரியும் என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். நீ என் வாயை அடைக்க முடியாது. அந்த வாசலை நீ மிதித்தாய் என்று உறுதியாகத் தெரிந்த நாளில் எனக்குத் தங்கையே இல்லை. உன் மாமியாருக்கும் நானே எழுதுவேன்.

இதற்கு உடனே பதில் வேண்டும்.

மன்சூர் அலி


லக்னோ,
22 அக்டோபர் 1966

ஆபா,

நேற்று நீ தூங்கிய பிறகுதான் கிளம்பினேன். வீக்கம் வடிந்ததா? மருத்துவச்சி சொன்னதை மறுபடி எழுதுகிறேன், உன் வீட்டுக்காரரிடம் காட்டு. பிள்ளை தலை மேலே, கால் கீழே இருக்கிறது. வலி தொடங்கினால் ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்கக் கூடாது. மதியம் என்னைச் சேர்ந்தது, ராத்திரிக்கு அவர் யாரையாவது ஏற்பாடு செய்யட்டும்.

பாயீஜானின் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். "போகவில்லை" என்று எழுத வரவில்லை, "போகிறேன்" என்று எழுதத் துணிச்சல் இல்லை.

நேற்று என்ன நடந்தது கேள். திரும்பி வந்து பின்படியில் கால் வைக்கிறேன், வீடே அதிர்கிறது. "துல்ஹன்! கத்திரிக்கோலை எங்கேடி வெச்சே?" என்கிறார் அம்மீஜான். பன்னா, "இதோ வரேன், அம்மீ!" என்கிறான். "வர வேணாம்டி, எங்கேன்னு சொல்லு!" "இதோ வரேன், அம்மீ!" "காதுல பஞ்சா? எங்கேன்னுதானே கேக்கறேன்?" "இதோ வரேன், அம்மீ!" புர்காவை உருவி எறிந்துவிட்டு ஓடினேன். "தூக்கத்துல உளறிட்டேன், அம்மீ" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். "தூங்கினவ செருப்புல சேறு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று சொன்னேன். கத்திரிக்கோலை வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் வெட்டாமலே வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை வருவேன். எலும்பு சூப் வைத்துக் குடி.

நாஹித்


லக்னோ,
30 நவம்பர் 1966

ஆபா,

எல்லாம் முடிந்துபோயிற்று. நேற்று உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேனே, அந்த நேரத்தில் பாயீஜான் எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். ஷபே பராத் பண்டிகை ஹல்வாவோடு சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார். நான் திரும்பியபோது ஹல்வா டப்பா மட்டும்தான் இருந்தது.

அம்மீஜான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அரை மணி உக்காந்திருந்தார் உங்கண்ணன். நானும் மூணு தடவை கூப்பிட்டேன். வரேன் வரேன்னு வாயால பந்தல் போட்டியே தவிர, வந்தியா? மொதல் தடவையே தலையைத் தூக்கி மாடியைப் பாத்தார். மூணாவது தடவை எந்திரிச்சிட்டார். 'தூங்கட்டும், எழுப்பாதீங்க'ன்னு சொல்லிட்டு வண்டிக்குப் போயிட்டார். தண்ணிகூடக் குடிக்கலை."

தெருமுனையில் நிற்கும்போதே எந்த வீட்டில் எந்தக் கிளி பேசுகிறது என்று சொல்கிற மனிதர், ஆபா! அவரை ஏமாற்ற முடியுமா? முதல் தடவையே தெரிந்திருக்கும். முற்றத்தில் நின்று கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பேசாமல் போயிருக்கிறார். பரேலி போய்ச் சேர்ந்ததும் அம்மீஜானுக்கு எழுதுவார். சொன்னால் சொன்னதைச் செய்கிறவர்.

அந்தக் கடிதம் வந்து என்ன ஆகிறதென்று தெரிகிறவரை நான் வர முடியாது. என்னைத் திட்டு. நன்றாகத் திட்டு.

நாஹித்


லக்னோ,
7 டிசம்பர் 1966

முன்னீ,

திட்டவெல்லாம் இல்லை. நீ வந்தவரைக்கும் போதும். பத்தூலன் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறாள். பிள்ளை இன்னும் திரும்பவில்லை. வீக்கம் இப்போது முகத்துக்கு ஏறியிருக்கிறது, மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினேன். நீ பத்திரமாக இரு.

சபீஹா


பரேலி,
10 டிசம்பர் 1966

முன்னீ,

நூறாண்டு வாழ்க. தாமதமாக எழுதுகிறேன். பல நாள் பேனாவை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். இது கிளியைப் பற்றிய கடிதம் மட்டுமே.

உன் கிளி நன்றாகப் பேசுகிறது. இவ்வளவு சுத்தமாக ஒரு பெண் குரலை எடுத்த கிளியை நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு குறை இருக்கிறது. மூன்று தடவை கூப்பிட்டாலும் மூன்று தடவையும் ஒரே சுருதியில் பதில் சொல்கிறது. மனுஷியாக இருந்தால் மூன்றாவது தடவை கொஞ்சம் அலுத்துக்கொள்வாள். கேட்கத் தெரிந்த காது முற்றத்தில் இருந்தால் பிடித்துவிடும். ஆகவே "கொஞ்சம் பொறுங்க, அம்மீ" என்று இரண்டாவது சொல் ஒன்றைச் சீக்கிரம் சொல்லிக்கொடு. அவகாசம் அதிகம் இராது என்று உன் ஊரிலிருந்து வந்தவர் பேச்சில் தெரிந்தது.

இன்னும் சில நாளில் ரமலான். மதியத்துக்குப் பன்னா போதும். நோன்பு திறக்கும் இஃப்தார் நேரத்துக்கு அவனை நம்பாதே, அந்த நேரத்தில் வீட்டில் ஆள்தான் வேண்டும். குளிரில் பின்படி ஈரமாக இருக்கும், பார்த்து இறங்கு.

உன் பாபி கோந்தும் சுக்கும் நெய்யும் சேர்த்துப் பிடித்த உருண்டைகளைப் பார்சலில் போட்டிருக்கிறேன். கிளிக்கு என்று சொல்லித்தான் பிடிக்கச் சொன்னேன். "புள்ள பெத்தவ திங்கிற உருண்டையை எந்த ஊர்க் கிளிங்க திங்குது?" என்று கேட்டுவிட்டு இரண்டு பங்காகப் பிடித்திருக்கிறாள். பன்னாவுக்குப் பிடிக்காவிட்டால் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடு.

உன் அண்ணன்,
மன்சூர் அலி


லக்னோ,
17 டிசம்பர் 1966

மாண்புமிகு மன்சூர் அலி சாஹிபுக்கு,

நாஹிதின் மாமியார் கைசர் ஜஹான் பேகத்தின் சலாம். தாங்கள் ஆரோக்கியமாக நோன்பு நோற்று வருவதாக நம்புகிறேன். என் ஆரோக்கியத்தைக் கேட்காதீர்கள். ஏன் என்று எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் தங்களிடமிருந்து ஒரு கடிதமும் ஒரு பார்சலும் வந்தன. அவற்றை வாங்கிக்கொண்டு தங்கள் தங்கை மாடிக்குப் போனாள். தங்களைப் போன்ற மானஸ்தரின் கடிதத்தைப் படித்தாவது நல்ல புத்தி வரும் என்று நானும் பேசாமல் இருந்தேன். மதியம் கூப்பிட்டேன், "இதோ வரேன், அம்மீ" என்றாள். அஸருக்குக் கூப்பிட்டேன், "இதோ வரேன், அம்மீ". சூரியன் இறங்கிற்று. பேரீச்சம்பழம் எடுத்து வைக்க ஆளில்லை, கொண்டைக்கடலை தாளிக்க ஆளில்லை, விளக்கைக்கூட ஏற்றவில்லை. பாங்கு சொல்லியாகிவிட்டது. வெறும் தண்ணீரில் நோன்பைத் திறந்துவிட்டு இந்த முழங்காலோடு படி ஏறினேன். ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். ஒவ்வொரு படியிலும் கூப்பிட்டேன். ஒவ்வொரு படிக்கும் எனக்குப் பதில் வந்தது! கதவைத் தள்ளினால் இருட்டில் ஒரு கூண்டு, அதற்குள் ஒரு பச்சைப் பிசாசு. தாங்கள் ஹல்வாவோடு வந்திருந்த அன்றும் அதுதான் பேசியிருக்கிறது. பாவம், என்னைப் போலத் தாங்களும் ஏமாந்துதான் போயிருக்கிறீர்கள்.

தங்கள் தங்கை எங்கே என்று கேட்கிறீர்களா? சபையில் தங்கள் தலையைக் குனிய வைத்தாளே, அந்த எழுத்தன் பெண்டாட்டியின் வீட்டில். ஊர் முழுக்க அதே பேச்சு. இவள் போய்க் கதவைத் தள்ளியபோது எழுத்தன் வீட்டில் இல்லாமல் அவள் காலையிலிருந்து தனியாகத் துடித்துக்கொண்டிருந்தாளாம், பேச்சு நின்றுவிட்டதாம். மருத்துவச்சியை இழுத்து வந்தவள் இவள்தானாம். காலால் வந்த பிள்ளை, பெண், பிழைத்துவிட்டது. தாயும் பிழைப்பாள் என்கிறார்கள். ஆயுள் இருந்தால் யாரும் பிழைப்பார்கள், அதற்கும் என் வீட்டு மானத்துக்கும் என்ன சம்பந்தம்? மறுநாள் காலையில் வந்து வாசலில் நின்றாள். நான் திறக்கவில்லை. திரும்ப அங்கேயே போயிருக்கிறாள்.

தங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. தாங்கள் தந்த வாக்கை அவள் உடைத்தாள், தாங்கள் உடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு அக்தர் வருகிறான். அதற்குள் தாங்கள் ஒரு வரி எழுதினால் போதும். அந்தப் பெண் தங்களுக்கு ஒன்றும் ஆக மாட்டாள், நாஹித் போனது தங்களுக்குத் தெரியாது, தங்களுக்குப் பிடிக்காது என்று. அதை வைத்து நான் மகனைச் சமாதானம் செய்து இவளை உள்ளே விடுகிறேன். எழுத மனமில்லை என்றால் வந்து பெட்டியோடு அழைத்துப் போகலாம்.

கிளி இங்கேதான் இருக்கும். கூப்பிட்டால் பதில் சொல்வதற்கு இந்த வீட்டில் அது ஒன்றுதான் மிச்சம்.

கைசர் ஜஹான்


பரேலி,
20 டிசம்பர் 1966

மதிப்பிற்குரிய பேகம் சாஹிபாவுக்கு,

மன்சூர் அலியின் ஆதாப். அந்த முழங்காலோடு உங்களைப் படி ஏற வைத்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். தைலம் ஒன்று கொண்டு வருகிறேன்.

எனக்கு நீங்கள் சுலபமான வழி காட்டியிருக்கிறீர்கள். ஒரு வரிதான். நேற்று நோன்பு திறந்த கையோடு அதை எழுத உட்கார்ந்தேன். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு என் மனைவி எழுப்ப வந்தபோதும் தாள் வெறுமையாகவே இருந்தது.

நான் ஏமாறவில்லை, பேகம் சாஹிபா. உங்கள் முற்றத்தில் உட்கார்ந்து முதல் பதிலைக் கேட்டபோதே அது கிளி என்று எனக்குத் தெரியும். நாஹித் வீட்டில் இல்லை என்பதும், எங்கே போயிருப்பாள் என்பதும் தெரியும். இரண்டாவது தடவை உங்களிடம் சொல்ல வாயெடுத்தேன். மூன்றாவது தடவை, அந்தக் குரல் எதற்காக இவ்வளவு பாடுபட்டுப் பழக்கப்பட்டிருக்கிறது என்று நினைத்தேன். பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பேசாமையால் அவள் பயந்து பல நாள் வீட்டில் முடங்கிக் கிடந்தாள் என்று இன்றுதான் அவள் கடிதம் சொல்கிறது. அந்த நாட்களில் ஒருத்தி தனியாகச் செத்திருப்பாள். அதை நான் எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பேன்?

பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறவர்கள் நாம். என் மௌனத்தையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நாஹித் அண்ணன் சம்மதத்தோடுதான் போனாள். கிளிக்குப் பாடம் எழுதி அனுப்பியவனும் நான்தான். உங்களுக்குக் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், இனி அது எனக்கு ஆகாது. அக்தர் மியான் முன்னாலும் இதையே சொல்வேன். நாஹிதை வைத்துக்கொண்டால் உங்கள் பெருந்தன்மை. அனுப்பினால் என் வீட்டில் அவளுக்கு இடம் இருக்கிறது.

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரச் சற்றுத் தாமதமாகும். முதலில் சபீஹா வீட்டுக்குப் போக வேண்டும். தாய்மாமன் வந்து சேரும்வரை குழந்தைக்குப் பெயர் வைக்க வேண்டாம் என்று அவளுக்குத் தந்தி அடித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நாஹிதுக்கும் சபீஹாவுக்கும் அண்ணன்,
மன்சூர் அலி